கொழுஞ்சியா, அவுரியா?

கரம்பில் ஊதாப் பூவோடு நிற்கும் செடியை ஒருவர் கொழுஞ்சி என்பார், பக்கத்தில் நிற்பவர் அவுரி என்பார். இரண்டும் பட்டாணிக் குடும்பம், இரண்டுக்கும் கூட்டிலை, இரண்டும் நம் வெயிலுக்குப் பழகியவை. ஆகவே குழப்பம் வருவது இயல்புதான். பூவின் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், இலையைப் பிடியுங்கள்.

ஒரு சிற்றிலையின் நுனியை இரு விரலால் பற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். கொழுஞ்சியானால் இலை குறுக்கே கிழியாது. பக்க நரம்புகளின் ஓட்டத்திலேயே பிய்ந்து, மீன் வாலைப் போல நடுவில் கவட்டையாகப் பிளந்து வரும். அவுரி இலை இப்படி ஒழுங்காகப் பிரியாது, கோணல்மாணலாகக் கிழியும். ஒரு இலையோடு நிறுத்தாமல், நன்கு முற்றிய நாலைந்து இலைகளில் செய்து பாருங்கள். தளிரில் சரியாக வராது.

அடுத்தது காய். கொழுஞ்சிக் காய் தட்டையாக, மூன்று முதல் ஐந்து செ.மீ. நீளத்தில், லேசாக வளைந்திருக்கும். கொழுஞ்சிச் செடிக்குக் கொள்ளுக்காய்வேளை என்றும் பெயர் உண்டு. அவுரிக் காயோ மெல்லிய உருளை. இலைக்கக்கத்தில் கொத்தாகத் தொங்கும். பூங்கொத்திலும் வேறுபாடு உண்டு: கொழுஞ்சியில் அது இலைக்கு எதிர்ப்புறத்திலும் கிளை நுனியிலும் நீண்டு நிற்கும், அவுரியில் இலைக்கக்கத்தில், இலையைவிடக் குட்டையாக இருக்கும். காய் முழுக்கப் பஞ்சு போல் அடர்ந்த ரோமம் இருந்தால் அது கொழுஞ்சியின் உறவுக்காரச் செடி, கொழுஞ்சி அல்ல.

கொழுஞ்சியைப் பிடுங்கிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். ஆணிவேர் ஆழம், கைதான் வலிக்கும். பல்லாண்டுச் செடி, விட்டுவைத்தால் மழைக்கு மீண்டும் துளிர்க்கும். ஆடுமாடு அவ்வளவாகக் கடிக்காது என்பதாலும் நெல் வயலுக்குப் பசுந்தாள் உரமாக இதை விதைக்கிறார்கள். விதை எடுப்பவர்கள், தோல் கடினம் என்பதை மறக்காமல், மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதையுங்கள். இல்லாவிட்டால் பாதிக்கு மேல் முளைக்காமல் கிடக்கும்.

கொழுஞ்சி இனத்துச் செடிகள் பலவற்றில் ரோட்டினோன் என்னும், மீனைக் கொல்லும் பொருள் இருக்கிறது. கஷாயத்துக்கென்று தேடுபவர்கள் காயும் இலையும் உள்ள கிளையைச் சித்த மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள்.