கண்ணாடிப் பொருளைப் படமெடுக்கப் பழகுங்கள்

பொருள்களைப் படமெடுக்கும் ஸ்டூடியோவுக்கு வேலை கேட்டு வருபவரிடம் ஒரு வெறும் கண்ணாடி டம்ளரை நீட்டிப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் விளக்கை நேரே டம்ளர்மேல் அடிப்பார்கள். படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், எதிர்ச் சுவர் ஜன்னல் தெரியும், கேமராவைப் பிடித்த கையும் தெரியும். டம்ளரின் ஓரத்தை மட்டும் தேட வேண்டியிருக்கும்.

இதற்குக் காரணம் எளிது. கண்ணாடிமேல் நேராக விழும் ஒளியில் ஒரு பரப்பு திருப்பி அனுப்புவது சுமார் 4 சதவீதம்தான். மற்றது ஊடுருவிப் போய்விடும். ஆகவே கண்ணாடிக்கு உருவம் கொடுப்பது அதன் ஓரக்கோடு. வளைந்த ஓரம் பக்கவாட்டில் இருப்பதை இழுத்துவந்து கேமராவுக்குக் காட்டும். அந்தப் பக்கத்தில் என்ன வைக்கிறீர்கள் என்பதில்தான் தொழில் இருக்கிறது.

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு ஓரம் வேண்டுமா? டம்ளருக்கு இரண்டு மூன்று அடி பின்னால் சாஃப்ட்பாக்ஸை வையுங்கள். முன்னால் விளக்கே வேண்டாம். கேமராவில் தெரியும் சட்டத்தை அந்த வெள்ளை நிரப்பினால் போதும். அதற்கு வெளியே நீளும் வெள்ளையைக் கறுப்பு சார்ட் அட்டையால் மறைத்துவிடுங்கள். அட்டையை அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளும்போது, பென்சிலால் வரைந்ததுபோல ஓரம் கறுத்துக்கொண்டே வரும். இதைக் கண்ணால் பார்த்துக் கற்றவருக்கு மறக்காது. வெள்ளை வேண்டும் என்று எக்ஸ்போஷரை அளவுக்குமேல் ஏற்றாதீர்கள், அந்தக் கோடு கரைந்துவிடும். அமேசானில் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும், பொருள் சட்டத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும் என்பது விதி. எனவே அதிகம் வரும் வேலை இதுதான்.

கறுப்புப் பின்னணிக்கு இதையே திருப்பிப் போடுங்கள். பின்னால் பெரிய விளக்கு, அதன் நடுவே சட்டத்தை மட்டும் நிரப்பும் கறுப்பு அட்டை. அட்டையைச் சுற்றிக் கசியும் ஒளி ஓரத்தில் வெள்ளிக் கம்பியாக நிற்கும். ஆனால் ஒரு தூசியும் தப்பாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பருத்திக் கையுறை போட்டுத் தொடுங்கள். ஒளி லென்ஸுக்குள் நேரே பாயாமல் பக்கத்தில் ஓர் அட்டை பிடிப்பதும் அவசியம்.

உண்மையான சோதனை நல்லெண்ணெய் பாட்டிலும் தேன் பாட்டிலும்தான். உள்ளே இருப்பது அடர்த்தியான நிறம். முன்னால் ஒளி போட்டால் கரிய திரவமாகத் தெரியும். பாட்டிலின் வடிவத்தைவிடச் சற்றுச் சிறியதாக ஒரு வெள்ளை அட்டையை வெட்டி, கேமராவுக்குத் தெரியாமல் பின்னால் சாய்த்து வையுங்கள். ஒரு சிறு விளக்கை அந்த அட்டைமேல் மட்டும் திருப்புங்கள். எண்ணெய் உள்ளிருந்தே பொன்னாக ஒளிரும். வாடிக்கையாளர் அந்த இடத்தில்தான் "ஆ!" என்பார்.

லேபிள் காகிதம், அதற்கு முன்னொளி வேண்டும். பாட்டிலின் பக்கத்தில் டிரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டு, விளக்கை அதன் பின்னால் ஒரு முனைக்கு நெருக்கமாக வையுங்கள். கழுத்திலிருந்து அடிவரை ஒரே ஒளிக்கீற்று, ஒரு பக்கம் பிரகாசமாய்த் தொடங்கி மறுபக்கம் மெல்ல மங்கும். எண்ணெயின் ஒளிர்வும் லேபிளும் ஒரே படத்தில் சரிவராவிட்டால் ட்ரைபாடை அசைக்காமல் தனித்தனியே எடுத்துச் சேருங்கள். தொழிலில் இது வழக்கம்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. குளிர்பானத்தின் பனித்துளிக்குக் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்தால் துளிகள் நெடுநேரம் நிற்கும்.

விலை சொல்லும்போது துடைக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். கீறலில்லாத, லேபிள் நேராக ஒட்டிய மூன்று பாட்டில்களை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஆழமாகப் படிக்க விரும்பினால் 1990-ல் முதற்பதிப்பு கண்ட 'லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்' நூலில் கண்ணாடிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு.

வேலை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப் பின்னணியில் ஒன்று, கறுப்பில் ஒன்று, எண்ணெய் பாட்டில் ஒன்று என மூன்று படங்களை வீட்டிலேயே எடுங்கள். ஒவ்வொன்றின் விளக்கு அமைப்பையும் மொபைலில் படம்பிடித்து, நேர்காணலில் இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள்.