கராஜுக்கு வரும் பழைய பெட்ரோல் பம்ப்: அக்கா சொல்ற டிப்ஸ்

பழைய கேஸ் ஸ்டேஷன் பம்ப் ஒண்ணை வாங்கி, சீர் பண்ணி, கராஜ்ல நிக்க வைக்கணும்னு ஆசை வந்துட்டா முதல்ல பர்ஸைத் தேடாதீங்க, அளவு டேப்பைத் தேடுங்க. உச்சியில கண்ணாடி உருளை வெச்ச 1920-கள் 'விசிபிள்' பம்ப், தலையில இருக்கிற விளக்குக் கண்ணாடி உருண்டையை, அதாவது குளோபையும் சேர்த்து 10 அடிக்குக் கிட்ட வரும். அமெரிக்க வீடுகள்ல கராஜ் உள்கூரை பெரும்பாலும் 8, 9 அடிதான். அதுலயும் கதவைத் தூக்கற மோட்டாரோட கம்பி குறுக்கே ஓடும். ஆசை ஆசையா வாங்கின பம்பை நிமிர்த்த இடமில்லாம படுக்க வெச்சிருக்கிற வீடுகள் நிறைய உண்டு.

எந்தக் காலத்துப் பம்ப் வேணும்னு அடுத்து முடிவு பண்ணுங்க. விசிபிள் பம்ப்ல கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி பெட்ரோலை மேல கண்ணாடிக்கு ஏத்துவாங்க. காலன் கோடு வரைக்கும் ஏறினதை வண்டிக்காரர் கண்ணால பார்த்துக்குவார். அப்புறம் அது தானா கீழே வடிஞ்சு வண்டிக்குள்ள போகும். அழகுன்னா அதுதான் அழகு. ஆனா விலையும் அதுக்குத் தகுந்த மாதிரிதான். அதுக்கப்புறம் கடிகார முள் சுத்தற பம்ப் வந்தது. 1930-கள்ல காலனையும் காசையும் சேர்த்துக் காட்டற 'கம்ப்யூட்டர்' பம்ப் வந்தது. கம்ப்யூட்டர்னதும் மின்னணுவை நினைச்சுக்காதீங்க, முழுக்கப் பல்சக்கரம்தான். வீடர்-ரூட் கம்பெனி செஞ்சது. முதல் பம்ப்னா என் யோசனை, 1950-கள்ல வந்த டோக்ஹைம் 300 மாதிரி பெட்டி வடிவப் பம்ப். உதிரி பாகம் சுலபமாக் கிடைக்கும், தகடெல்லாம் நேர் தகடு, கை பழக ஏத்தது.

பட்டாசுக்குச் சிவகாசி மாதிரி, இந்தப் பம்ப் தொழிலுக்கு இண்டியானாவில இருக்கிற ஃபோர்ட் வேய்ன். சில்வானஸ் பௌசர் 1885-ல ஒரு மளிகைக் கடைக்கு மண்ணெண்ணெய் பம்ப் செஞ்சு கொடுத்தது அங்கேதான். வேய்ன், டோக்ஹைம் கம்பெனிகளும் அந்த ஊர்லதான் வளர்ந்தது. உங்க பம்போட சட்டத்துல சின்னதா ஒரு உலோகத் தகடு அடிச்சிருக்கும், மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அதுல இருக்கும். அது மேல பெயிண்ட் படவே கூடாது. அந்தத் தகடு போச்சுன்னா பம்போட பூர்வீகமே போச்சு.

வாங்கப் போற இடத்துல துருவைப் பார்த்துப் பயப்படாதீங்க, காணாமப் போனதைப் பார்த்துப் பயப்படுங்க. கண்ணாடி, ஹோஸ், ஸ்டிக்கர், ரப்பர், குளோப் எல்லாம் இப்ப புதுசாவே செஞ்சு விக்கறாங்க. ஆனா அபூர்வ மாடலோட வார்ப்பு பாகமோ, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரோ இல்லேன்னா வருஷக்கணக்கா அலைய வேண்டியிருக்கும். எல்லாம் இருந்து துருப்பிடிச்ச பம்ப், பாதி காணாம பளபளன்னு இருக்கிற பம்பை விடக் கடைசியில மலிவாத்தான் முடியும். டெமாயின்ல நடக்கிற 'அயோவா கேஸ்'ங்கிற பழைய பெட்ரோல் பங்க் பொருட்கள் சந்தைக்கும், பென்சில்வேனியா ஹெர்ஷில அக்டோபர்ல கூடற பழைய கார் சந்தைக்கும் ஒரு தடவை சும்மா போய்ச் சுத்திப் பாருங்க. அசல் எது, நகல் எதுன்னு கண்ணு தானாப் பழகிடும். டெக்ஸகோ பெட்ரோல் கம்பெனியோட எனாமல் விளம்பரத் தகடுகள்ல அடியில தேதி போட்டிருக்கும். அதை நம்பி மட்டும் காசை நீட்டாதீங்க. நகல் அடிக்கிறவங்க தேதியையும் சேர்த்தே அடிக்கிறாங்க.

இப்ப சொல்லப் போறதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. இந்தப் பம்புல ஈயம் ரெண்டு விதமா இருக்கும். ஒண்ணு பெயிண்ட்ல. வீட்டுப் பெயிண்ட்ல ஈயத்துக்கு அமெரிக்காவில தடை வந்தது 1978-லதான். இன்னொண்ணு குழாய்க்குள்ள. 1923-லருந்து பல பத்தாண்டுகள் பெட்ரோல்லயே ஈயம் கலந்து வித்தாங்க. அதோட கசடு பம்ப் வயித்துல இன்னமும் இருக்கலாம். அதனால உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீங்க. பி100 வடிகட்டி வெச்ச முகமூடி போட்டு, ஈரமாத் தேய்ங்க, இல்லேன்னா பெயிண்ட் உரிக்கிற ரசாயனம் பூசி வழிச்சு எடுங்க. மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய டப்பா வீட்டு மூலையில கிடந்தா அதை எடுக்க வேண்டாம். அதோட ஆவி உயிரையே எடுத்திருக்கு, இப்ப வீட்டு உபயோகத்துக்கு விக்கறதும் இல்லை. வேலை செஞ்ச துணியைக் குழந்தைங்க துணியோட சேர்த்து மெஷின்ல போடாதீங்க. கர்ப்பமா இருக்கிற தங்கச்சிங்க இந்தக் கட்டத்துப் பக்கமே வரவேண்டாம். வழிச்சு எடுத்த குப்பை, உங்க கவுன்ட்டில அபாயக் கழிவு வாங்கற இடத்துக்குத்தான் போகணும்.

குழாயில ஒரு சொட்டு பழைய பெட்ரோல் மிச்சமிருந்தாலும் அதோட ஆவி காத்தை விடக் கனம், தரையோட ஊர்ந்து போகும். பல கராஜ்ல தண்ணி ஹீட்டர் அங்கேயேதான் எரிஞ்சுட்டிருக்கும். அதனால பம்பை முதல்ல வெளியில வெச்சுப் பிரிங்க. இறுகிப்போன போல்ட்டுக்கு டார்ச் காட்டறது, கிரைண்டர் வைக்கிறது ரெண்டும் வேண்டாம். ஊடுருவற எண்ணெய் விட்டுட்டு மறுநாள் வாங்க. பொறுமை இல்லாதவங்க கையிலதான் வார்ப்பு இரும்பு உடையும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ எடுங்க. போல்ட்டை ஜிப் பையில போட்டு, எங்க இருந்ததுன்னு எழுதி வையுங்க. உடைஞ்ச கண்ணாடியையும் கிழிஞ்ச ரப்பரையும் கூடத் தூக்கிப் போடாதீங்க, புதுசு வெட்டும்போது அதுதான் அளவு.

பம்போட கதவுத் தகட்டை மணல் பீச்சறவங்ககிட்ட அப்படியே கொடுத்தா அலை அலையா நெளிஞ்சுடும். தகட்டுக்கு சோடா பீச்சல் போதும்; மணலெல்லாம் அடிப்பக்க வார்ப்பு இரும்புக்கு. எபாக்சி பிரைமர் அடிச்ச பிறகு நெளிவுக்குப் பட்டி பார்க்கணும். மேல் பெயிண்ட் கடினப்படுத்தி கலந்த யூரித்தேன்னா அதுல ஐசோசயனேட் இருக்கு, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. கார் பெயிண்ட் ஷாப்ல கொடுத்துடுங்க, அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். கதவு எனாமல் பூசினதா இருந்தா மேல பெயிண்டே அடிக்காதீங்க. நாலு இடத்துல செதில் போயிருந்தாலும் அதுக்குத்தான் மதிப்பு.

நிறம் ஒரே கம்பெனி, ஒரே காலம்னு இருக்கட்டும். ஷெல் மஞ்சள் உடம்புல டெக்ஸகோ நட்சத்திரம் ஒட்டி வைக்கிற கூத்தை நான் பார்த்திருக்கேன், தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. நியூயார்க் மோமா மியூசியத்துல ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1940-ல வரைஞ்ச 'கேஸ்' ஓவியம் இருக்கு, மூணு சிவப்புப் பம்ப் நிக்கும். அந்தச் சிவப்பைப் பாருங்க, இப்ப அடிக்கிற ஸ்போர்ட்ஸ் கார் பளபளப்பு அதுல கிடையாது.

கம்ப்யூட்டரை மட்டும் கரைப்பான்ல ஊறப் போடாதீங்க, சக்கரத்துல இருக்கிற எண்ணெல்லாம் கழண்டு வந்துடும். மெல்லிய பிரஷ்ஷால தூசி தட்டி, பல்சக்கரத்துக்கு லேசா எண்ணெய் விட்டாப் போதும். விலைச் சக்கரம் ஒரு டாலருக்குக் கீழேயே நின்னுடுதுன்னு கவலை வேண்டாம், பல பம்ப் செஞ்சதே அப்படித்தான். 1979-ல பெட்ரோல் ஒரு டாலரைத் தாண்டினபோது, ஸ்டேஷன்காரங்க பம்ப்ல பாதி விலையைக் காட்டி ரெண்டால பெருக்கி வாங்கினாங்க. அதுக்கப்புறம்தான் இதெல்லாம் கொட்டகைக்குப் போச்சு. நீங்க 29.9 சென்ட்ல நிறுத்தி வையுங்க, பார்க்கிறவங்களுக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

துணி சுத்தின பழைய வயரை முழுசா எடுத்துட்டு, எர்த் உள்ள மூணு முனை வயர் போடுங்க. உள்ளே டியூப்லைட் சோக் பழசா இருந்தா திறக்காதீங்க. 1979-க்கு முந்தினதுல பிசிபி ரசாயனம் இருக்கலாம், அதுவும் அபாயக் கழிவுதான். குளோபுக்குள்ள எல்இடி பல்புதான், குண்டு பல்போட சூடு பழைய கண்ணாடிக்கு ஆகாது. மோட்டாரைக் கழட்டி வெச்சா கனம் குறையும். ஆனா கீழ்க்கனம் போனா பம்ப் சாயும், அதனால தரையில போல்ட் போட்டே ஆகணும். குழந்தை நாசிலைப் பிடிச்சுத் தொங்காம இருக்காது.

எல்லாம் முடிஞ்சதும் எது அசல், எது புதுசாப் போட்டதுன்னு ஒரு தாள்ல எழுதி, கதவுக்கு உள்பக்கமா ஒட்டிடுங்க. பின்னாடி விக்கறதா இருந்தா, வாங்கறவர்கிட்ட அந்தத் தாளை முதல்ல காட்டிட்டு அப்புறம் விலை பேசுங்க.