கோவைக் கணுக்களுக்கு எந்த உருவம்?

அ + ஆ * 2 என்ற கோவையைப் படித்ததும் நிரல்பெயர்ப்பி ஐந்து கணுக்கள் கொண்ட மரத்தைக் கட்டுகிறது. உச்சியில் கூட்டல், அதன் இடப்பக்கம் அ, வலப்பக்கம் பெருக்கல், பெருக்கலுக்கு அடியில் ஆவும் 2உம். இக்கணுக்களை நினைவகத்தில் வைக்க மூன்று வழிகள் பரவலாக உள்ளன. மரத்தைத் தொடும் ஒவ்வொரு செயற்கூறும் அந்த உருவத்தை நம்பியே எழுதப்படுவதால், பின்னர் மாற்றுவது பெரும்பாடு.

முதல் வழி மரபுரிமம். கோவைக்கு ஓர் அடிப்படை இனக்குழு. கூட்டல், அழைப்பு, எண் ஒவ்வொன்றுக்கும் அதிலிருந்து பிறக்கும் இனக்குழு. புதுவகைக் கணு ஒன்றைச் சேர்ப்பது எளிது. புதிய செயல் ஒன்று, மாறிலிகளை முன்கூட்டியே கணக்கிடுவது போல, வந்தால் எல்லா இனக்குழுக்களையும் திறக்க வேண்டும். விசிட்டர் என்ற அமைப்புமுறை இந்தச் சுமையை மறுபக்கம் தள்ளுகிறது: செயல்கள் எளிதாகும், புதிய கணு வந்தால் ஒவ்வொரு விசிட்டரும் திருத்தம் கேட்கும். இந்த இழுபறிக்கு 1998இல் பிலிப் வாட்லர் வைத்த பெயர் ‘எக்ஸ்பிரஷன் பிராப்ளம்’. சி++ நிரல்பெயர்ப்பியான கிளாங் இனக்குழுக்களையே பயன்படுத்தினாலும், கணுவில் ஒரு வகை எண்ணை வைத்து அதைப் பார்த்தே கிளை பிரிகிறது.

இரண்டாவது வழி, எல்லா மாற்றுகளையும் ஒரே தரவினத்தில் அடைப்பது. ஓகேமல், ஹாஸ்கெல், ரஸ்ட் ஆகியவற்றில் இது இயல்பானது. ஒரு மொழியின் இலக்கணம் விரைவில் நிலைபெற்றுவிடும். அதன் மீது ஓடும் ஆய்வுகளோ பெருகிக்கொண்டே போகும். ஆகவே பெரும்பாலான திட்டங்களுக்கு இதுவே பொருத்தம். விடுபட்ட கணுவகையை நிரல்பெயர்ப்பியே சுட்டிக்காட்டுவது கூடுதல் ஆதாயம். ஜாவா 21 (2023) முதல் சீல்டு இடைமுகமும் ஸ்விட்ச்சும் சேர்ந்து இதே பாதுகாப்பைத் தருகின்றன. அங்கே விசிட்டர் எழுதும் தேவை பெரும்பாலும் தீர்ந்தது. கோ மொழியின் மரம் தோற்றத்தில் இதைப் போன்றதே, ஆனால் விடுபட்டதை அதன் நிரல்பெயர்ப்பி சொல்லாது. ரஸ்ட்டில் ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு கணுவும் மிகப் பெரிய மாற்றின் அளவு இடத்தைப் பிடிக்கும். அரிதாக வரும் பெரிய மாற்றுகளைப் பாக்ஸ் என்ற சுட்டின் வழியே தனியே வைப்பது நல்லது.

மூன்றாவது வழியில் சுட்டுகளே இல்லை. கணுக்கள் அணிகளில் வரிசையாக இருக்கின்றன, பிள்ளைக் கணுவைக் குறிப்பது 32 பிட் சுட்டெண். ஸிக் மொழியின் மரத்தில் கணு ஒன்றுக்கு 13 பைட்: வகைக்கு 1, சொற்குறியின் இடத்துக்கு 4, இரு பிள்ளைகளுக்கு 8. பல அளபுருக்கள் கொண்ட அழைப்பு இதற்குள் அடங்காது. மிச்சம் வேறோர் அணிக்குப் போகும். வேகம் கிடைக்கிறது, ஆனால் எந்தச் சுட்டெண் எந்த அணிக்குரியது என்பதை நிரலர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பல லட்சம் வரிகளை அடிக்கடி நிரல்பெயர்க்க வேண்டியிராத மொழிக்கு இது வீண் உழைப்பு.

கோவையின் தரவினத்தை எங்கே எழுதுவது என்பது தனிக் கேள்வி. கிளாங் கணுவுக்குள்ளேயே வைக்கிறது. கோ, கணுவைச் சாவியாகக் கொண்ட தனி அட்டவணையில் வைக்கிறது. நிரல்பெயர்ப்பி மட்டுமே மரத்தைப் படிக்குமானால் முதலாவது போதும். நிரலை ஒழுங்குபடுத்தும் கருவிகளும் அதே மரத்தைப் படிக்குமானால் அட்டவணை நல்லது. அடைப்புக்குறியும் அப்படித்தான்: பைத்தான் தன் மரத்தில் அதற்கெனக் கணு வைப்பதில்லை; கோ வைக்கிறது, ஏனெனில் அதன் நிரலை ஒழுங்குபடுத்தும் கருவியான கோஃபம்ட் அந்த மரத்திலிருந்தே மூலநிரலைத் திரும்ப அச்சிட வேண்டும்.