கூரைத் தண்ணீரும் கொல்லைத் தோட்டமும்: ஒரு வீட்டுக் கணக்கு

மழை பெய்யும்போது உங்க வீட்டுக் கூரையிலிருந்து எவ்வளவு தண்ணீர் தெருவுக்கு ஓடுதுன்னு கணக்குப் போட்டிருக்கீங்களா? செல்போனில் இருக்கிற கால்குலேட்டரே போதும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 500 சதுர அடி கூரை என்பது சுமார் 46 சதுர மீட்டர். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 920 மில்லி மீட்டர் அளவில் மழை கிடைக்கிறது. ஆவியாவது, சிதறுவது போக 80 சதவீதம் சேர்ந்தாலே சுமார் 34,000 லிட்டர்! இதை விட்டுவிட்டு, சித்திரை வெயிலில் குடத்தோடு அலைகிறோம்.

தொட்டி மட்டும் போதுமா?

போதாது. 10 சதுர மீட்டர் காய்கறித் தோட்டத்துக்கு வெயில் காலத்தில் தினமும் 40 முதல் 50 லிட்டர் தண்ணீர் வேண்டும். 1,000 லிட்டர் தொட்டி மூன்று வாரம்தான் தாங்கும். அதனால் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. தொட்டி: கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக வடிகட்டிச் சேமியுங்கள். முதல் மழைத் தண்ணீரில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும். அதை வெளியே விட்டுவிடுங்கள். தொட்டி வாயைக் கொசுவலையால் இறுக்கமாகக் கட்டுங்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

2. உறிஞ்சு குழி: தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே போகட்டும். 3 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி ஆழம் போதும். உள்ளே உடைத்த செங்கல் அல்லது கூழாங்கல், மேலே 1 அடி மணல். இந்தத் தண்ணீர் உங்க கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் ஊறும். செப்டிக் டேங்க் பக்கத்தில் மட்டும் தோண்டாதீங்க; கழிவு நீர் கிணற்றில் கலந்துவிடும்.

3. குளித்த தண்ணீர்: நாலு பேர் ஆளுக்கு ஒரு வாளி குளித்தாலே தினமும் 60 லிட்டருக்கு மேல். மழை இல்லாத நாளிலும் கிடைக்கும் தண்ணீர் இதுதான். வாழை, முருங்கை, பப்பாளிக்கு வேரில் பாய்ச்சுங்கள். கீரைக்கும், பச்சையாகச் சாப்பிடும் காய்க்கும் வேண்டாம். அவற்றுக்குத் தொட்டித் தண்ணீர்.

என்ன விதைக்கலாம்?

ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, அவரை, புடலை போடலாம். கீரையை 15 நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் தொடர்ந்து பறிக்கலாம். செடியைச் சுற்றிக் காய்ந்த இலை, வைக்கோல் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது; தண்ணீர்ச் செலவும் குறையும்.

எப்போது தொடங்குவது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் கூரையைப் பெருக்கி, குழாய் அடைப்பை நீக்கி, குழியில் படிந்த சேற்றை அள்ளிவிடுங்கள். 2003-இல் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அமைத்த குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. அதைத் தூர்வார ஒரு மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

வானிலை நிலவரம், வேளாண் மானியத் திட்டங்கள் பற்றிய விவரங்களை ‘உழவன்’ செயலியில் பார்க்கலாம். இன்றே உங்க கூரையின் நீள அகலத்தை அளந்து, கணக்கைப் போட்டுப் பாருங்க!