உத்தியோக நியமனமும் சமநீதியும்

உத்தியோகங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்பொழுது எதனை நோக்க வேண்டும்? "தகுதி ஒன்றையே நோக்க வேண்டும்" என்பர் ஒரு சாரார். "நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்டோர்க்கு இடம் ஒதுக்க வேண்டும்" என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையென்றே பலரும் கருதுகின்றனர். நம் இளைஞர்கள் அலுவலகங்களில் இவ்வாதத்தை அடிக்கடி செவியுறுகின்றனர். ஆதலின் இதனை அமைதியாக ஆராய்ந்து தெளிதல் நம் கடமையாகும்.

1. அளவுகோல் நேரானதா?

தகுதி வேண்டாமென்று நாம் கூறவில்லை. அதனை அளக்கும் கோல் நேரானதா என்றே வினவுகின்றோம். லண்டனில் மட்டும் நடைபெற்று வந்த இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் ஏககாலத்தில் நடத்த வேண்டுமென்று 1893இல் பிரிட்டிஷ் பொதுச்சபை தீர்மானித்தது. கற்றோர் பலர் மகிழ்ந்தனர். ஆனால் சென்னையில் இரட்டைமலை சீனிவாசனார் தலைமையில் பறையர் மகாஜன சபையார் 3,000க்கு மேற்பட்டோர் கையொப்பத்துடன் அதனை எதிர்த்து மனுச் செய்தனர். ஏன்? பள்ளிக்கூடத்தின் கதவு அடைத்துக் கிடக்கத் தேர்வு மண்டபத்தின் கதவு மட்டும் திறந்திருந்தால், அதிகாரம் முழுவதும் முன்னரே கற்றிருந்த சாதியார் கைக்கன்றோ போய்ச் சேரும்? தேர்வு பொதுவாயினும் அதற்கு வந்து சேரும் வழி பொதுவாக இல்லை. இதுவே அம்மனுவின் உட்பொருள்.

2. சட்டம் கூறுவது

அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு உத்தியோகத்தில் சமவாய்ப்பை உறுதி செய்கின்றது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, போதிய இடம் பெறாத பின்தங்கிய வகுப்பார்க்கு இடம் ஒதுக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கின்றது. இவ்வொதுக்கீடு சமத்துவத்திற்கு விலக்கன்று, சமத்துவத்தின் ஒரு கூறே என்னும் கருத்தை உச்சநீதிமன்றம் 1976இல் தாமஸ் வழக்கில் வெளியிட்டு, 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் உறுதி செய்தது. பொதுவாக ஒதுக்கீடு 50 சதவீதத்தைக் கடத்தலாகாது என்றும் அப்பொழுது வரையறுத்தது.

பௌத்தராகிய நமக்கு இதில் தனிவரலாறு ஒன்றுண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்து சமயத்தாரையே பெரும்பாலும் தழுவியது. 1956இல் சீக்கியர் முழுமையாகச் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அவர் வழிச் சென்றோர்க்கோ மத்திய அரசின் பட்டியலில் 1990இல்தான் இடம் கிடைத்தது. சமயம் மாறிய அன்றே அயலார் இழித்துப் பேசுதல் ஒழிந்துவிட்டதா? இல்லை. உரிமை மட்டும் 34 ஆண்டுகள் நின்றது.

3. தனியார் நிறுவனங்கள்

அரசியல் சட்டத்தின் இவ்வொதுக்கீடு தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. ஆங்கே தகுதி மட்டும் ஆள்கின்றதா? சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் இரு அறிஞர் 2007இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே படிப்புடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினர். நேர்முகத்திற்கு அழைக்கப்படும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு அதனினும் குறைவு. படிப்பு ஒன்று, பெயர் மட்டுமே வேறு. முகங்காணு முன்னரே சலுகை பெற்றவர் யார் என்பதை இனிச் சொல்ல வேண்டுமோ?

4. உபாலியின் முன்னிடம்

சாக்கிய இளவரசர் சிலர் துறவு பூண வந்தபொழுது, நாவிதராகிய உபாலியும் உடன் வந்தார். "எங்கள் செருக்கு அடங்குமாறு இவருக்கு முதலில் துறவளித்தருள்க" என்று இளவரசரே பகவானை வேண்டினர். அவ்வாறே ஆயிற்று, அவர்கள் உபாலியை வணங்கும் நிலை பெற்றனர். முன்னிடம் பெற்ற உபாலி தகுதியற்றவராய் நின்றாரா? விநயத்தில் தலைசிறந்தவராய் விளங்கி, ராஜகிருகத்து முதற் சங்கத்தில் விநயத்தை ஒப்பித்தவர் அவரே. வாயில் திறந்தது, தகுதி வெளிப்பட்டது.

5. நம்மை நோக்கிய வினா

இவ்வளவுகோலை அயலாரிடம் மட்டும் நீட்டுதல் நீதியாகாது. ஒதுக்கப்பட்டோருள்ளும் முன்வரிசை உண்டு, கடைவரிசை உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் வகுப்பாரின் 18 சதவீதத்துள் 3 சதவீதம் 2009இல் அருந்ததியர்க்கென ஒதுக்கப்பட்டது. இத்தகைய உட்பிரிவு செல்லுமென 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இஃது ஒற்றுமையைக் குலைக்கும் என்று அஞ்சுவாரும் நம்மில் உளர். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. எனினும், "எங்களுக்குப் பின் நிற்பவரைப் பாராதீர்" என்று நாமே கூறுவோமாயின், நம்மை நோக்கி அவ்வாறு கூறியவர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது? உத்தியோகம் பெற்றவர், பெறாத வீட்டுப் பிள்ளை ஒருவருக்கேனும் படிப்பும் வழியும் காட்டுவாராக. நின்ற இடத்திலிருந்து பின்னே நோக்குதலே சமநீதியின் தொடக்கம்.

பயில்வோர்க்கு வினாக்கள்

1. தேர்வு பொதுவாயிருப்பினும் வாய்ப்பு பொதுவாகாமைக்குக் காரணம் யாது?
2. ஒதுக்கீடு சமத்துவத்தின் கூறு என்பதை எங்ஙனம் விளக்குவீர்?
3. நும் ஊரில் இன்னும் கடைவரிசையில் நிற்போர் யாவர்? அவர்க்கு நும் சங்கம் செய்யக்கூடியது யாது?