குறையும் பிறப்பும் வளரவேண்டிய திறமையும்

சிங்கப்பூரில் 1965-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகளுக்கு மேல் பிறந்தன. 2023-ல் அச்சராசரி 0.97 ஆக இறங்கிவிட்டது. வெளியுலகிலோ 2020-ன் கொள்ளைநோயும் 2022-ல் மூண்ட உக்ரேன் போரும் சரக்கு வரத்தையும் விலைவாசியையும் நிலைகுலையச் செய்தன.

இயற்கை வளமற்ற நாட்டுக்கு மக்கள் திறமையே மூலதனம். கைகள் குறையக் குறைய, இருக்கும் கைகள் தேர்ச்சி பெறவேண்டும். நாற்பது வயதைத் தொட்ட குடிமக்களுக்கு 2024 மே மாதத்தில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின் கீழ் 4,000 வெள்ளி பயிற்சி நிதி கூடுதலாக ஒதுக்கப்பட்டது.

பணம் அரசாங்கம் தரலாம். படிக்க நேரம் தரவேண்டியவர்கள் முதலாளிகளாகிய நாமே. சிப்பந்தி வகுப்புக்குப் போகும் நாளில் கடையில் ஓர் ஆள் குறையும். வியாபாரமும் சற்றுக் குன்றலாம். அதையும் கடைக்குப் போட்ட முதலாகவே கணக்கெழுதுவோமாக!