ஹ்தெதி என்னும் வினை

ஸெர்பியா, குரோவேஷியா, பொஸ்னியா, மாண்டினீக்ரோ ஆகிய நாடுகளில் வழங்கும் மொழிகள் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு எளிதில் விளங்குமளவு நெருங்கியன. ஸெர்போ-குரோவேஷியம் என ஒரு பெயரால் முன்னர் வழங்கிய இம்மொழி, 1991-ஆம் ஆண்டு முதல் யூகோஸ்லாவியா பிளவுற்றபின் நாடுதோறும் வெவ்வேறு பெயர் பெற்றது. அதன் வினைகளுள் ஒன்றை ஈண்டு ஆராய்வாம். ஸெர்பியாவில் ஹ்தெதி என்றும், குரோவேஷியா முதலிய இடங்களில் ஹ்த்யெதி என்றும் ஒலிக்கும் அவ்வினைக்கு 'விரும்புதல்' என்பது பொருள்.

அதன் நிகழ்கால வடிவங்கள் வருமாறு: நான் - ஹொச்சு, நீ - ஹொச்செஷ், அவன், அவள் - ஹொச்செ, நாம், நாங்கள் - ஹொச்செமோ, நீங்கள் - ஹொச்செதெ, அவர்கள் - ஹொச்செ. இம்மொழியில் தன்மை ஒருமை பெரும்பாலும் மகர ஈறு பெறும். இவ்வினையும், 'இயலும்' என்னும் பொருளுடைய மொகு என்பதுமே பழைய உகர ஈற்றை இன்றும் காத்து நிற்கின்றன. படர்க்கையில் ஒருமையும் பன்மையும் ஒன்றாதலால், எண்ணை எழுவாயாலும் இடத்தாலும் அறிதல் வேண்டும்.

இனி, இவ்வினையின் சிறப்பு யாதெனில், முதலசை குறைந்து ச்சு, ச்செஷ், ச்செ, ச்செமோ, ச்செதெ, ச்செ என நின்று, பிற வினைகளுக்கு எதிர்காலங் காட்டுதலாம். தோச்சி என்பது 'வருதல்'. தோச்சி ச்சு என்பது 'வருவேன்'. இக்குறுவடிவம் வாக்கியத்தின் முதலில் நில்லாது. 'நான்' எனப் பொருள்படும் யா என்பதை முன்வைத்தால், யா ச்சு தோச்சி என இரண்டாமிடத்தே வரும். இவ்வினை முதலில் நிற்கும் வினாவில் முழுவடிவமே தோன்றும். ஹொச்செஷ் லி தோச்சி? (வருவாயா?) என்று வினவினால், ஹொச்சு என ஒரே சொல்லால் விடையிறுக்கலாம். விருப்பச் சொல் எதிர்காலக் குறியாதல் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் உண்டு.

எதிர்மறையிலோ முழுவடிவம் குறுவடிவம் என்னும் வேறுபாடு மறைகின்றது. நேச்சு தோச்சி என்பது 'வர விரும்பேன்' எனவும், 'வரப்போவதில்லை' எனவும் இருபொருள் படும். நம் 'வரமாட்டேன்' என்பதும் இத்தகையதே. ஆயின், மாட்டுதல் ஆற்றலைக் குறித்த சொல். அவர்களுடையதோ விழைவைக் குறித்தது. இருவேறு வழிகளிற் சென்று இரு மொழிகளும் ஓரிடத்தை அடைந்தமை வியத்தற்குரியது. மழை பெய்யாது என்னுமிடத்தும் அவர்கள் நேச்செ என்றே கூறுவர். மழைக்கு விழைவில்லையாதலின், ஆங்கு எதிர்காலமன்றி வேறு பொருள் கொள்ளற்க.

மொழிபெயர்ப்போர் பெரிதும் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. நேரமின்மையால் வாராதவனை மனமின்மையால் மறுத்தவனாக எழுதிவிடின், சொற் பிழையன்று, அவன்மேற் பழியே விளையும். மறுப்பை ஐயமறவும் பணிவாகவும் கூற விழைவோர் நெ ஜெலிம் (விரும்பவில்லை) என வேறொரு வினையாற் கூறுவர். ஆதலின், நேச்சு என்பதைக் காணுந்தோறும் அதனை மொழிந்தவர் யாவர், எக்காரணத்தால் மொழிந்தார் என்பவற்றை உசாவிய பின்னரே பொருள் எழுதுதல் மாணாக்கர்க்குத் தகும்.